தம்பியோடு சில்லாலைக்குப் போன நாள்

போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை தம்பியை யாழ்ப்பாணத்துச் சில்லாலை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உண்மையில் இழுத்துக்கொண்டுதான் போனேன்.

வெளிநாடு போக என்று அம்மாவின் காணியை ஈடு வைத்து ஏஜென்சிக்காரனிடம் காசு கட்டினான். எங்கோ ஒரு நாட்டில் ஆறு மாதம் அடைபட்டுக் கிடந்துவிட்டு வெறுங்கையோடு வந்து சேர்ந்தான். பிறகு குடி. மச்சாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டா. கடனுக்குப் பிணை நின்றது நான். இரவில் செபமாலை சொல்லும்போது அவன் பெயர் வருகிற இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும். அழுகையால் அல்ல, கோபத்தால். இப்படிச் செபிக்கலாமா என்று, பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் குருவான சுவாமியிடம் கேட்டேன். "கோபத்தையும் ஆண்டவரிட்டச் சொல்லுங்கோ, அவர் தாங்குவார்" என்றார். அன்றைக்குத்தான் சில்லாலைக்குப் போக வேண்டும் என்று மனதில் விழுந்தது.

மானிப்பாய், சண்டிலிப்பாய் கடந்து பண்டத்தரிப்புப் பக்கம் போகிற பாதை. தம்பி பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. கதிரை மாதா கோவில் வாசலில் வைத்து, "நீ போ அக்கா, நான் வெளியில நிக்கிறன்" என்றான். முதல் நாள் குடித்த வாசம் இன்னும் அவனில் இருந்தது. வெட்கப்படுகிறான் என்று விளங்கியது. சரி என்று விட்டுவிட்டு உள்ளே போனேன்.

இந்த ஊருக்கும் புனித யோசப் வாஸ் அடிகளாருக்கும் உள்ள உறவு எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கருக்குத் தெரியும். 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கையில் விழுந்தபின் கத்தோலிக்கக் குருக்களுக்கு இங்கே இடமில்லை. பூசை இல்லை, மறைவாகக்கூட ஒரு குருவை வீட்டில் வைத்திருக்க முடியாது. ஏறக்குறைய முப்பது வருடம் அப்படிப் போனது. கோவாவிலிருந்து புறப்பட்டுத் தூத்துக்குடி வழியாக 1687இல் கூலிக்காரன் வேடத்தில் வந்தவர்தான் அடிகளார். பிறகு சில்லாலையை இருப்பிடமாக வைத்து, இரவில் வீடு வீடாகப் போய்ப் பூசை வைத்தார். 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்து நான் அழுதேன்.

ஆனால் அன்றைக்கு முழந்தாளில் நின்றபோது மனதில் வந்தது அந்தப் பெரிய நாள் இல்லை. அவர் இந்த மண்ணில் கால் வைத்த ஆரம்ப நாட்கள். வயிற்றோட்டம் பிடித்து, எழும்பக்கூட ஏலாமல், யாரோ ஒரு பிச்சைக்காரனாக ஊருக்கு வெளியே கிடந்தார். எங்கள் பிரசங்கங்களில் இந்தப் பகுதியை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். கண்டியில் மழை பெய்வித்த அற்புதத்தைத்தான் விரிவாகச் சொல்வார்கள். எனக்கோ இதுதான் பெரிது. முப்பது வருடம் குருவுக்காகக் காத்திருந்த சனத்துக்கு ஆண்டவர் அனுப்பிய ஆள், தன் உடம்பைத் தானே கழுவ முடியாத நிலையில் தெருவோரம் கிடந்திருக்கிறார். கடந்து போனவர்கள் எத்தனை பேர் மூக்கைப் பொத்தியிருப்பார்கள்! ஆண்டவரும் நகருக்கு வெளியேதானே சிலுவையில் தொங்கினார்.

எனக்குச் சட்டென்று வாசலில் இருக்கிறவனின் நினைவு வந்தது. அவன் திருந்தி, குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தபிறகுதான் ஆண்டவர் அவனைப் பார்ப்பார் என்று இத்தனை காலமும் நினைத்திருந்திருக்கிறேன். அதனால்தான் என் செபம் முழுக்க "அவனைத் திருத்தும்" என்பதாகவே இருந்தது. "அவனோடு இரும்" என்று ஒருநாளும் கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்டேன். கடனைப் பற்றியும் மச்சாளைப் பற்றியும் ஒன்றும் கேட்க வரவில்லை. மெழுகுதிரி கொளுத்திவிட்டு வெளியே வந்தேன்.

வேப்பமர நிழலில் குந்தியிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து பிளாஸ்கில் கொண்டுபோன தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தேன். அடிகளாரின் கதையையும் சொன்னேன். புத்தி சொல்கிற மாதிரி இல்லாமல், சின்ன வயதில் அவனுக்குக் கதை சொன்ன மாதிரி. சுகமானபின் கழுத்தில் பெரிய செபமாலையைப் போட்டுக்கொண்டு படலை படலையாகப் பிச்சை கேட்டுப் போனாராம். அதைக் கண்டு முகம் மாறுகிற வீடு எது என்று பார்த்து, ஒளிந்திருந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தாராம்.

தம்பி கன நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"வருத்தமாக் கிடக்கேக்க ஆர் பாத்தது அவரை?"

"ஒரு பொம்பிளை கஞ்சி கொண்டுவந்து குடுத்தவவாம்."

"அவவுக்கு அவர் சுவாமியெண்டு தெரியுமோ?"

"தெரிஞ்சிருக்காது. பிச்சைக்காரன் எண்டுதான் நினைச்சிருப்பா."

கோப்பையை என் பக்கம் நீட்டினான். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் ஊத்து அக்கா" என்றான்.