கவுன்ட்டருக்கு வராதவர்கள்

கும்பகோணத்தை ஒட்டிய ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். இரண்டு வருடமாகச் சம்பளமில்லாத இன்னொரு வேலையும் விருப்பத்தோடு பார்த்துவருகிறேன். கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழகத்திலிருந்து 2006 முதல் 'எவிடென்ஸ் பேஸ்டு லைப்ரரி அண்ட் இன்ஃபர்மேஷன் பிராக்டிஸ்' என்ற இதழ் வருகிறது. யாரும் காசு கொடுக்காமல் படிக்கலாம். அதற்கு நூலகப் பணி பற்றிய ஆய்வுகளை மதிப்பிட்டு எழுதுகிறேன்.

அச்சுக்குப் போகுமுன் கட்டுரையைச் சரிபார்க்கும் வேலை இல்லை இது. வேறு இதழில் ஏற்கெனவே வெளிவந்த ஆய்வை எடுத்துக்கொண்டு, நோக்கம் என்ன, எங்கே யாரிடம் செய்தார்கள், என்ன கிடைத்தது என்று சுருக்க வேண்டும். கடைசியில், இதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று எழுத வேண்டும். அந்தக் கடைசிப் பகுதிதான் நேரத்தை விழுங்கும். முதல் முறை நான் குறைகளை மட்டும் அடுக்கினேன். 'சரி, இதைப் படிக்கிற நூலகர் என்ன செய்யலாம்?' என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். நியாயமான கேள்வி. உட்கார்ந்து மறுபடி எழுதினேன்.

மதிப்பிடுவதற்கு லிண்ட்சே கிளின் என்பவர் 2006-ல் வெளியிட்ட கேள்விப் பட்டியலை வைத்துக்கொள்கிறேன். ஆய்வில் பங்கேற்றவர்கள், தரவு திரட்டிய விதம், ஆய்வின் வடிவம், முடிவுகள் என நான்கு பகுதி. 'ஆம்' என்ற விடை 75 சதவீதத்தைத் தொட்டால் ஆய்வு தேறும். முதல் கேள்வியே என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது: ஆய்வில் சேர்ந்தவர்கள், நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்கள், பயன்படுத்தத் தகுதியுள்ளவர்கள் எல்லாருக்கும் பிரதிநிதிகளா?

கையில் இருந்த கட்டுரைக்கு 'இல்லை' என்று குறித்தேன். குறித்த கையோடு எங்கள் நூலகத்தின் கருத்துக்கணிப்பு நினைவுக்கு வந்தது. கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் வழங்கும் 'நாக்' (NAAC) குழு வருவதற்காக நானே நடத்தியது. படிவங்களைப் புத்தகம் கொடுக்கும் கவுன்ட்டரில் அடுக்கியிருந்தேன். ஏறக்குறைய எல்லாப் படிவத்திலும் 'மிக நன்று' என்ற கட்டத்தில் டிக். அதைப் பெருமையோடு அறிக்கையில் சேர்த்திருந்தேன்.

மறுநாள் எங்கள் உதவியாளர் அண்ணனிடம் இதைச் சொன்னேன். "வந்தவங்ககிட்டதானே மேடம் கேட்டோம்? திருப்பனந்தாள் பஸ்ஸுக்கு ஓடுற பிள்ளைங்க இங்க எப்ப வந்தாங்க?" என்றார்.

அன்று சாயங்காலம் படிவங்களோடு பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். கல்லூரி 3.30-க்கு விடும், பஸ் 3.45-க்கு. முதலாண்டு மாணவி ஒருத்தி பையைத் தூக்கி மடியில் வைத்து, அதன்மேல் படிவத்தை வைத்து எழுதினாள். பாதியில் நிமிர்ந்து, "புக் எடுக்க வந்தா பஸ் போயிடும் மேடம். மதியானம் வந்தா நீங்க பூட்டியிருக்கீங்க" என்றாள். உண்மைதான். சாப்பாட்டு நேரத்தில் கவுன்ட்டரை மூடுவது நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பிருந்தே வழக்கம். இத்தனை வருடத்தில் அதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகள் 1931-ல் நூலாக வந்தன. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது விதி. தேர்வுக்கு மனப்பாடம் செய்தது. அதே 1931-ல் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அந்த மண்ணில் வேலை பார்த்துக்கொண்டு நான் கவுன்ட்டரிலேயே படிவம் வைத்திருந்தேன் என்பது இப்போதும் உறுத்துகிறது.

இப்போது நானும் அண்ணனும் மாறி மாறிச் சாப்பிடுகிறோம். 12.30 முதல் 1.30 வரை கவுன்ட்டர் திறந்திருக்கிறது. அடுத்த கருத்துக்கணிப்புக்கு வகுப்பு வாரியாகப் பெயர்ப் பட்டியல் கேட்டு அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். நூலகப் பக்கமே வராதவர்களின் பெயரும் அதில் இருக்கும்.