டிசம்பரில் நிறைவேறிய சட்டம்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், மாற்றுத்திறனாளிகளுக்குச் சான்றிதழும் உதவித்தொகையும் வாங்கித் தர அலையும் வேலை எனக்கு. பொள்ளாச்சிப் பக்கமிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவர்கள் நிறைய. அப்படி வந்த ஓர் அக்காவுக்குச் சின்ன வயதிலேயே போலியோ. தமிழ்நாட்டில் வாங்கிய சான்றிதழை லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருந்தார். "இது அங்கத்தது, இங்க செல்லாது" என்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் மருத்துவக் குழு, மறுபடியும் வரிசை, கூட வருகிறவருக்கு ஒரு நாள் கூலி நஷ்டம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 58ஆவது பிரிவு, சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும் என்கிறது. எங்களை மாதிரி எல்லையில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிது என்று சொல்லி முடியாது.

அது யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததில்லை. 1995இல் ஜாவேத் அபிதி போன்ற மாற்றுத்திறனாளி உரிமைப் போராளிகள் டெல்லியில் தெருவில் இறங்கியபிறகு, டிசம்பரில் கூட்டத்தொடர் முடிகிற நேரத்தில்தான் முதல் சட்டம் நிறைவேறியது. அதில் இருந்தவை ஏழு வகைக் குறைபாடுகள்தான். 2007இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றதும் அது போதாது என்றாகிவிட்டது. சுதா கவுல் தலைமையிலான குழு எழுதிய புதிய சட்ட வரைவு அமைச்சகங்களைச் சுற்றிச் சுற்றி இளைத்துப்போய், 2014 பிப்ரவரியில், தேர்தல் வாசலில் நிற்கும்போது, மாநிலங்களவைக்கு வந்தது. 'கிடைத்ததை வாங்கிக்கொள்வோம்' என்று ஒரு சாரார், 'இந்த வடிவத்தில் வேண்டாம்' என்று இன்னொரு சாரார். இயக்கத்துக்குள்ளேயே கடும் சண்டை. அந்தச் சண்டை வீண் இல்லை என்பது என் எண்ணம். மசோதா நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போய்த் திரும்பியதில் அதிலிருந்த 19 வகைக் குறைபாடுகள் 21 ஆயின. ஆனால் வேலை ஒதுக்கீடு 5 சதவீதத்திலிருந்து 4 ஆக இறங்கியது, அதை இன்றைக்கும் என்னால் ஏற்க முடியவில்லை.

அப்புறம் 2016 டிசம்பர். பணமதிப்பிழப்பு அமளியில் இரண்டு அவையும் முடங்கிக் கிடந்த கூட்டத்தொடரில், 14ஆம் தேதி மாநிலங்களவை, 16ஆம் தேதி மக்களவை, எல்லாக் கட்சியும் ஒத்துக்கொண்டு நிறைவேறியது. அத்தனை வருடம் எல்லாக் கட்சிக்காரர்களையும் விடாமல் போய்ப் பார்த்து வந்தவர்கள் இல்லாவிட்டால் அந்த ஒற்றுமை எங்கிருந்து வந்திருக்கும்?

2020 ஊரடங்கில் இந்தச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளைத் தளர்த்த ஒரு யோசனை வந்தபோதும் நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பி அது கைவிடப்பட்டது. சட்டம் வந்தாலும் காவல் இருக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இப்போது 58ஆவது பிரிவை மலையாளத்திலும் தமிழிலும் அச்சடித்து, சான்றிதழோடு சேர்த்தே எல்லோர் கையிலும் கொடுத்தனுப்புகிறோம்.