அப்பாவின் டேப்லெட்டில் தமிழ் ஏறிய கதை

சென்னையிலிருந்து தங்கை அப்பாவுக்குப் பத்து அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட் ஒன்று வாங்கி அனுப்பியிருந்தாள். கண்புரை அறுவை முடிந்து மூன்று மாதம் ஆகிறது. கணினி முன்னால் நிமிர்ந்து உட்கார அவருக்கு இப்போது முடிவதில்லை. ஈசிச்சேரில் சாய்ந்தபடி எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க வேண்டும். படிக்க வேண்டியதெல்லாம் பெங்களூரு அல்சூர் வீட்டு உபுண்டு லினக்ஸ் கணினியில் ஒரே ஃபோல்டரில் கிடந்தது. மொத்தம் 212 கோப்புகள். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்திலிருந்து இறக்கி, ஃபிளாப்பியில் கொண்டுவந்த பழைய இலக்கியங்கள் பாதி. ஊர்க்கோயில் கணக்கும் அவர் தட்டெழுதிய குறிப்புகளும் மீதி. "அரை மணி நேர வேலைப்பா" என்று சொல்லிவிட்டேன். இரண்டு சனிக்கிழமை போனது.

கேபிளைச் செருகியதும் சார்ஜ் ஏறியது. அதோடு சரி. கணினியில் இணைந்த கருவிகளைப் பட்டியலிடும் கட்டளையைக் கொடுத்தால் மவுஸும் கீபோர்டும்தான் தெரிந்தன. "என்னடா, இன்னும் சார்ஜ்தான் ஏறுதா?" என்றார் அப்பா. குற்றம் கேபிளில். மின்சாரக் கம்பி மட்டும் உள்ள, டேட்டா போகாத கேபிள் அது. பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, சிக்பேட்டையில் இறங்கி, கணினிச் சாமான் கடைகள் உள்ள எஸ்.பி. ரோட்டுக்கு நடந்தேன். கடைக்காரரிடம் கன்னடத்தில் "டேட்டா பருத்தா?" (டேட்டா வருமா?) என்று கேட்டு, அங்கேயே என் போனையும் லேப்டாப்பையும் கோர்த்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன்.

புதுக் கேபிளில் டேப்லெட்டின் பெயர் வந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. ஆண்ட்ராய்டு முதலில் 'சார்ஜ் மட்டும்' என்றுதான் நிற்கும். திரையைப் பூட்டு நீக்கி, மேலிருந்து அறிவிப்பை இழுத்து, 'கோப்புப் பரிமாற்றம்' என்பதைத் தொட வேண்டும். ஆரம்பகால ஆண்ட்ராய்டு போன்கள் பென்டிரைவ் போலத் திறந்துகொள்ளும். அந்த முறையில் சேமிப்பு முழுவதையும் கணினியிடம் ஒப்படைத்துவிட்டு போன் கைகட்டி நிற்க வேண்டும். டேப்லெட்டுகளுக்காக 2011-இல் வந்த ஆண்ட்ராய்டு 3.0 எம்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற முறையைக் கொண்டுவந்தது. இதில் சாவி டேப்லெட்டிடமே இருக்கும். கணினி ஒவ்வொரு கோப்பாகக் கேட்டுக் கேட்டு வைக்கும். அதனால்தான் சின்னச் சின்னக் கோப்புகள் நிறைய இருந்தால் ஆமை வேகம்.

நாற்பதாவது கோப்பில் நின்றது. பொருளின் தகவலை அனுப்ப முடியவில்லை என்றொரு பிழைச் செய்தி, ஏன் என்று சொல்லாமல். அப்பா கோப்புக்குப் பெயர் வைக்கும் அழகு அப்படி: 'கும்பாபிஷேகக் கணக்கு: மீதி யாரிடம்?' லினக்ஸில் சாய்கோட்டைத் தவிர எதை வேண்டுமானாலும் பெயரில் போடலாம். ஆண்ட்ராய்டின் பொதுச் சேமிப்பில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, இரட்டை மேற்கோள் எல்லாம் ஆகாது. பெயர்களைத் திருத்திவிட்டு மறுபடி தொடங்கினேன். பாதியில் அப்பா டேப்லெட்டை எடுத்து நேரம் பார்த்தார், கேபிள் கழன்றது. சரி, கேபிள் சகவாசமே வேண்டாம் என்று வைஃபைக்கு மாறினேன்.

கணினியையும் டேப்லெட்டையும் வைஃபையில் கோர்க்கும் கேடிஇ கனெக்ட் நல்ல செயலி. உபுண்டுவின் தீச்சுவர் இயங்கினால் 1714 முதல் 1764 வரையிலான போர்ட்டுகளை, அதாவது இணைப்பு வாசல்களை, டிசிபி, யுடிபி என்ற இரண்டு இணைப்பு முறைகளுக்கும் திறந்துவிட வேண்டும். திறந்தேன், அப்போதும் கணினியும் டேப்லெட்டும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, டேப்லெட் எங்கள் ரவுட்டரின் விருந்தினர் வைஃபையில் இருந்தது. அதில் இருப்பவர்களுக்கு வீட்டுக் கருவிகள் கண்ணில் படாது. நான்தான் ஒருநாள் அவசரத்தில் அப்படி இணைத்திருந்தேன்.

கடைசியில் கைகொடுத்தது எதையும் நிறுவத் தேவையில்லாத வழி. ஃபோல்டரை ஒரே ஜிப்பாகக் கட்டினேன். அந்த இடத்தில் டெர்மினலைத் திறந்து, பைத்தான் 3 நிரல்மொழியில் உள்ள, கோப்புகளைப் பிரவுசருக்குக் கொடுக்கும் எச்டிடிபி சர்வரை ஒரு வரிக் கட்டளையில் ஓட்டினேன். டேப்லெட்டின் பிரவுசரில் கணினியின் ஐபி எண்ணை, அதாவது வைஃபையில் அதன் முகவரியை, அடித்து, முக்காற்புள்ளி வைத்து 8000 போட்டால் பட்டியல் வந்துவிடுகிறது. தொட்டால் இறங்குகிறது. கடவுச்சொல் கிடையாது, அதே வைஃபையில் உள்ள யாரும் பார்க்கலாம். வேலை முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

அப்பா ஆசையாக முதல் கோப்பைத் திறந்தார். தலையில் புள்ளியும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிவரியாக நின்றன. "இது என்ன பாஷைடா?"

இதில்தான் இரண்டாவது சனிக்கிழமை போயிற்று. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு தமிழில் அன்று புழக்கத்துக்கு வரவில்லை. அப்பா இறக்கிய கோப்புகள் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டில் இருந்தன. கணினியில் அப்பா அதற்கான எழுத்துருவைப் போட்டு வைத்திருந்ததால் எனக்கு இது தெரியவே இல்லை. டிஸ்கியில் 'கெ' என்றால் கொம்பு முதலில், ககரம் அடுத்து. யூனிகோடில் ககரம் முன்னே, கொம்பு பின்னே. எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, வரிசையையும் திருப்ப வேண்டும். இதற்கு மென்பொருள் தேடி அலைந்தேன். லினக்ஸில் ஏற்கெனவே இருக்கும் ஐகான்வ் கட்டளைக்கே டிஸ்கி தெரியும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. எதிலிருந்து, எதற்கு என்று இரண்டு பெயர் கொடுத்தால் மாற்றித் தந்துவிடுகிறது. புரியாத பைட் வந்தால் நின்றுவிடும். தாண்டிப் போகச் சொல்லலாம், ஆனால் அந்த எழுத்து விழுந்துவிடும். அப்படி விழுந்த ஓர் எழுத்தை எதுகை இடிக்கிறது என்று அப்பா கண்டுபிடித்தார்.

அவருடைய சொந்தக் குறிப்புகள் பாமினி எழுத்துருவில். அது ஆங்கில எழுத்தின்மேல் தமிழ் உருவத்தை ஒட்டிய ஏற்பாடு, ஐகான்வுக்கு அது வெறும் ஆங்கிலம். அவற்றை லிப்ரே ஆபிஸில் திறந்து பிடிஎஃப் ஆக்கினேன். எழுத்துரு உள்ளேயே போய்விடுவதால் எங்கும் தெரியும், தேடத்தான் முடியாது. செய்யுள்களையும் பிடிஎஃப்தான் ஆக்கினேன், ஏ5 பக்கம், 18 புள்ளி எழுத்து. மின்னூல் செயலியில் எழுத்தைப் பெரிதாக்கினால் அடி உடைந்து அடுத்த வரிக்கு ஓடுகிறது. அப்பாவுக்கு அது ஆகாது.

இப்போது புதிதாக ஏதாவது சேர்த்தால் அவரே இறக்கிக்கொள்கிறார். ஐபி எண்ணை நாட்காட்டி அட்டையில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். போன வாரம் கரண்ட் போய் வந்ததில் எண் மாறிவிட்டது, என் ஆபிசுக்குப் போன் போட்டுவிட்டார். அன்று இரவே ரவுட்டரில் அந்த எண்ணைக் கணினிக்கென்று ஒதுக்கி வைத்தேன்.