கலைக்கப்பட்ட ஆண்டு: 2009

கால்பந்து கிளப்புகளின் தகவலைச் சேர்த்து வைக்கும் எங்கள் பதிவேட்டில், அந்தக் கட்டத்தில் நான்கு இலக்கம் மட்டும்தான் தட்ட முடியும். காலியாக விட்டால் 'இன்னும் இயங்குகிறது' என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். நான் 2009 என்று தட்டினேன். அது சரியா என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். சரிதான் என்றுதான் பெரும்பாலும் முடிகிறது. முடிந்த பிறகும் மனசு விடுவதில்லை.

2020 நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஹோ சி மின் நகரத்தின் தோங் நியாட் மைதானத்தில் வியட்டெல் அணி 1-0 என்று சைகோன் எஃப்.சி.யை வென்று, வியட்நாமின் முதல் அடுக்குக் கால்பந்து லீக்கான வி.லீக்கின் சாம்பியன் ஆனது. ஒரே கோல், பிரேசில்காரர் புருனோ அடித்தது. அடுத்த நாள் காலையில் அதற்கான வேலைக் கோரிக்கை, அதாவது 'டிக்கெட்', என் பெயருக்கு வந்துவிட்டது. தொலைக்காட்சிக்காரர்களுக்குக் கிளப் பெயருக்குப் பக்கத்தில் போட ஓர் எண் வேண்டும்: மொத்த லீக் பட்டங்கள். ஒன்றா, ஆறா?

எங்கள் பதிவேட்டில் இரண்டு கிளப்புகள் இருந்தன. ஒன்று 1954-இல் தொடங்கிய ராணுவ அணி, தே கோங். அதன் பெயரில் ஐந்து பட்டங்கள்: 1981-82, 1982-83, 1987, 1990, 1998. இன்னொன்று ராணுவத்தின் தொலைத்தொடர்பு நிறுவனம் நடத்தும் வியட்டெல். அதற்கு அதுவரை பூஜ்யம். ஒரே ராணுவம், ஒரே நகரம், அதே சிவப்புச் சட்டை. ஆனாலும் இரண்டு வரிசை.

ஹனோயிலிருந்து எங்களுக்குத் தகவல் சரிபார்த்துக் கொடுத்தவர் என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். பேச்சு முழுக்க சாட்டில், ஆங்கிலத்தில். ஆனால் என்னை 'எம்' என்றுதான் கூப்பிடுவார், நான் அவரை 'ஆன்' என்பேன். நம் தம்பி, அண்ணன் மாதிரிதான். அவர்கள் மொழியில் நான், நீ என்பதையே உறவு சொல்லித்தான் சொல்கிறார்கள் என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். வேலைக்கு நடுவில் அப்படி ஒரு சொல் எவ்வளவு இடம் பிடித்துக்கொள்கிறது என்பது அப்போது தெரியவில்லை.

"இது ஆறாவது பட்டம், எம்" என்றார்.

"நம் விதிப்படி முதலாவது, ஆன். 2009-இல் தே கோங் முடிந்துவிட்டது."

விதி சிக்கலானதில்லை. லீக்கில் ஒரு கிளப்புக்கு உள்ள இடம் வேறொரு நிறுவனத்துக்குக் கைமாறினால், கொடுத்த கிளப்பின் கணக்கு அந்த இடத்தோடு நின்றுவிடும். 2009-இல் நடந்தது அதுதான். 55 வயதான தே கோங் அந்த சீசனில் கீழே இறங்கவில்லை. முதல் அடுக்கில்தான் முடித்தது. ஆனாலும் பெயரை எடுத்துவிட்டார்கள். முதல் அடுக்கு இடம் தான்ஹோவா என்ற வேறொரு கிளப்புக்குப் போனது. அந்தத் தான்ஹோவா அதே சீசனில் இரண்டாம் அடுக்குக்குத் தள்ளப்பட்ட அணி. கடை உரிமத்தை இன்னொருத்தர் பெயருக்கு மாற்றுவது போல மாற்றினார்கள், இறங்க வேண்டியவர்கள் 2010-இல் மேலேயே ஆடினார்கள். வியட்நாமில் இது புதிதும் இல்லை. நான்காம் ராணுவ மண்டல அணியின் இடம் அதே காலத்தில்தான் நவிபேங்க் சைகோன் ஆனது, சில வருடத்தில் அதுவும் காணாமல் போனது.

நான் இதையெல்லாம் தட்டி அனுப்பினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் ஆமாம், ஆமாம் என்றார். பிறகு வந்தது இது:

"ஆனால் பிள்ளைகளைக் கொடுக்கவில்லையே, எம். இடத்தைத்தான் கொடுத்தார்கள். பயிற்சிக்கூடத்தில் இருந்த பையன்கள் எல்லாம் வியட்டெலில்தான் இருந்தார்கள். கோச் யார், பார்த்தாயா?"

பார்த்திருந்தேன். துருவோங் வியட் ஹுவாங், தே கோங்கின் பழைய நடுக்கள ஆட்டக்காரர். சாம்பியன் அணியின் தடுப்பாட்டக்காரர் புய் தியென் யூங்கும், நடுவில் ஆடிய ஹுவாங் டுக்கும் அந்தப் பயிற்சிக்கூடத்துப் பிள்ளைகள்தான். கீழ் அடுக்குகளிலிருந்து ஏறி, 2018-இல் இரண்டாம் அடுக்கை வென்று, 2019-இல் முதல் அடுக்குக்கு வந்தார்கள். இதற்கெல்லாம் எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது என்றேன்.

அதற்கு அவர்: "2009-இல் நான் அழுதேன். ஹாங் டை மைதானத்தில் என்னோடு நிற்கிறவர்கள் எல்லாம் அழுதார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையும் அழுதோம். அதே ஆட்கள்."

இதற்கு நான் சொன்ன பதில்தான் விஷயம். "2009-இல் அழுதீர்கள் என்றால், முடிந்துவிட்டது என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது. அப்போ 2009 சரிதானே, ஆன்?"

மூன்று புள்ளிகள் ஓடின, நின்றன, மறுபடி ஓடின. கடைசியில், "ஓகே, எம்."

அவ்வளவுதான். சண்டை இல்லை. அதன் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் எங்களோடு வேலை செய்தார். ஆனால் அதற்கு முன் ஒரு சந்தேகம் கேட்டால் பழைய ஆட்டங்கள், தே கோங் ஆட்டக்காரர் ஹோங் ஸோன் 1998-இல் எப்படி ஆடினார், மழையில் ஹனோய்க் கொடிக்கோபுரத்துப் பக்கத்து ராணுவ மைதானம் எப்படி இருக்கும் என்று பத்து வரி வரும். பிறகு கேட்டதற்குப் பதில் வந்தது, கேட்டதற்கு மட்டும்.

எனக்கு உறுத்துவது வாதம் இல்லை. வாதத்தை இப்போது படித்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது. அப்போது எல்லாரும் வீட்டிலிருந்து வேலை பார்த்த காலம். நான் அந்த வரிகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து டீம் குரூப்பில் போட்டேன். லீட் கட்டைவிரல் போட்டார், இரண்டு பேர் சிரித்தார்கள். ஒரு மனிதர் தன் அழுகையைச் சொல்ல, அதையே சாட்சியாக வைத்து அவரை மடக்கியதை வெற்றி மாதிரி காட்டியிருக்கிறேன். இதை எழுதும்போதும், தகவல் வேலையில் உணர்ச்சிக்கு இடம் கொடுத்தால் எங்கே போய் முடியும் என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறது. அந்தக் குரல் தவறு என்றும் சொல்ல முடியவில்லை. ஆளாளுக்கு மனசு சொல்வதை எண்ணாகப் போட்டால் பதிவேடு எதற்கு?

ஆனால் நானே விதியை எத்தனை இடத்தில் வளைத்திருக்கிறேன் என்பது வேறு கதை. பட்டங்கள் இடத்தோடு போகும் என்றால் அந்த ஐந்தும் தான்ஹோவாவுக்குப் போயிருக்க வேண்டும். அதைப் போட யாருக்கும் கை வராது, எனக்கும் வரவில்லை. தான்ஹோவாவுக்கு அதன் 1962-ஐயே தொடக்க ஆண்டாக விட்டேன். அந்த ஐந்தையும் வாரிசு இல்லாத சொத்து மாதிரி பழைய வரிசையிலேயே பூட்டி வைத்தேன். அந்த ஐந்திலும் முதல் நான்கை வென்றபோது அணியின் பெயர் 'ராணுவக் கிளப்'. தே கோங் என்ற பெயரில் வென்றது 1998 மட்டும்தான். அங்கே பெயர் மாறியது எனக்கு உறைக்கவே இல்லை. நாடு முழுமைக்குமான லீக் தொடங்கியதே 1980-இல்தான். அதற்கு முன் வடக்கில் மட்டும் நடந்த லீக்கில் இவர்கள் வென்றதை எங்கே போடுவது என்று அவர் முன்பே ஒரு முறை கேட்டிருந்தார். கட்டம் இல்லை என்றுதான் அதற்கும் சொன்னேன்.

அன்றைக்குத் தோற்ற சைகோன் எஃப்.சி. இதைவிட வேடிக்கை. அது 2016 சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே ஹனோயிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே போன அணி. நகரம், பெயர், ரசிகர்கள் எல்லாம் மாறியும், இடம் கைமாறவில்லை என்பதால் எங்கள் பதிவேட்டில் அது ஒரே கிளப். சட்டையும் ஊரும் ஆட்களும் மாறாத அணி இரண்டு கிளப். இப்படி ஒரு பதிவேட்டைக் காட்டித்தான் அவரிடம் விதி பேசினேன்.

(வியட்நாம் வரிசையே யாருடைய விதிக்கும் அடங்காது. 1999-இல் சாம்பியன் கிடையாது. 2021-இல் பெருந்தொற்றால் நிறுத்தியபோது முதலிடத்தில் இருந்தது ஹுவாங் ஆன் ஸா லாய், ஆனால் பட்டம் யாருக்கும் இல்லை. இரண்டு வருடத்தையும் காலியாக விட்டால் மென்பொருள் சிவப்புக் கோடு போடும். வருடா வருடம் யாராவது அதை நிரப்பப் பார்ப்பார்கள், வருடா வருடம் நான் அழிப்பேன்.)

2023-இல் ஹனோய் போலீஸ் அணி பட்டம் வென்றது. போலீஸ் அணி 1984-இலும் வென்றிருக்கிறது. நடுவில் 2002-இல் கலைக்கப்பட்டது. பிறகு வேறு வழியில், மக்கள் போலீஸ் என்ற பெயரில் 2022-இல் இரண்டாம் அடுக்கை வென்று மேலே வந்து, ஹனோய் பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரே நிமிடத்தில் பட்டங்கள்: 2 என்று போட்டுவிட்டாள். நான்தான் சரிபார்க்க வேண்டும். பார்த்தேன், ஒப்புதல் கொடுத்தேன். ஏன் என்று என்னிடம் நல்ல காரணம் இல்லை. களைப்பு என்று சொல்லலாம். அன்றைக்கு மறுபடியும் ஒரு 'ஓகே, எம்' வாங்க மனமில்லை என்றும் சொல்லலாம், அவர் அதற்குள் எங்களோடு இல்லாவிட்டாலும்.

அதே வருடக் கடைசியில் வியட்டெல் தன் பெயரை தே கோங் - வியட்டெல் என்று மாற்றிக்கொண்டது. கிளப்பே சொன்ன பிறகு எங்களிடம் என்ன இருக்கிறது? மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது, இரண்டு வரிசையையும் இணைத்தாகிவிட்டது. தொடக்கம் 1954. பட்டங்கள் 6. கலைக்கப்பட்ட ஆண்டு காலி. ஆக, அவர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டதா? பெயர்ப்பலகை மாறியதால் 2009-இல் நடந்தது நடக்காமல் போய்விடுமா? அப்படியானால் அவர் அன்றைக்கு எதற்கு அழுதார்? அழுததும் நிஜம், ஆறும் நிஜம் என்று அவருக்கு இருந்திருக்கிறது. அதை நான் ஏதாவது ஒன்றாக்கச் சொன்னேன். என் வேலையும் அதுதானே.

அவருக்குத் தகவல் சொல்லலாமே என்று தோன்றியது. ஆறு என்பது அவருக்கு எப்போதோ தெரியும். அதில் நான் சொல்ல என்ன இருக்கிறது?

போன வாரம் ஒரு டிக்கெட் தானாகக் கிளம்பி வந்தது. பழைய வரிசையை அழித்தபோது அதோடு ஒட்டியிருந்த 2009 குறிப்பும் போய்விட்டது. இப்போது பதிவேட்டின்படி தான்ஹோவா 2009-இல் இரண்டாம் அடுக்குக்கு இறங்கியது, 2010-இல் எந்தக் காரணமும் இல்லாமல் முதல் அடுக்கில் ஆடியது. தே கோங்குக்கு 2010-இல் ஒரு ஆட்டம்கூட இல்லை, அதற்கும் காரணம் இல்லை. 'முரண்பாடு, விளக்கம் தேவை' என்று சிவப்பில் கேட்கிறது. நான்கு நாளாகத் திறந்து வைத்திருக்கிறேன். விளக்கக் கட்டத்தில் அறுபது எழுத்துக்கு மேல் ஏறாது.