கேண்டிடாவுக்குச் சவரம்

கேண்டிடா அல்பிகன்ஸ் பூஞ்சையின் மேற்பரப்புப் புரதங்களைக் கண்டுபிடிக்கச் சுருக்கு வழி, உயிருள்ள செல்லைப் புரதத்தை வெட்டும் நொதியான டிரிப்சினால் 'சவரம்' செய்வது. வெளியே நீட்டிக்கொண்டிருப்பது வெட்டுப்பட்டு விழும். மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் அதைப் படித்துச் சொல்லும். கேட்க எளிதுதான். ஆனால் சில செல்கள் உடைந்தாலே போதும், உள்ளே இருந்ததெல்லாம் பட்டியலில் ஏறிவிடும்.

தனித்தனிச் செல்லான ஈஸ்டா, நீண்டு வளரும் இழையா, எந்த வடிவம் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 30 டிகிரியில் ஒய்.பி.டி. என்ற வளர்ப்பு ஊடகம் என்றால் ஈஸ்ட். 37 டிகிரியில் 10% சீரம் என்றால் இழை. ஒட்டிக்கொள்ள உதவும் ஆல்ஸ்3 புரதத்தை ஈஸ்டில் தேடுவது வீண்வேலை, அது இழைக்கு உரியது. சீரத்தில் வளர்த்தவற்றைப் பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசலில் மூன்று முறையாவது கழுவ வேண்டும். சீரத்தின் ஆல்புமின் புரதம் மிச்சமிருந்தால் டிரிப்சின் அதைத்தான் வெட்டிக்கொண்டிருக்கும்.

பிறகு டிரிப்சின் சேர்த்து 37 டிகிரியில் 5 முதல் 10 நிமிடம். நேரத்தை நீட்டினால் கூடுதலாகக் கிடைப்பதில் பெரும்பகுதி கசிவுதான். மையவிலக்கியில் மெதுவாகச் சுழற்றி, மேல்திரவத்தை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்துவிடுங்கள். செல்கள் போன பிறகு செரிமானம் இரவு முழுக்க நடக்கலாம். மறுநாள் ஃபார்மிக் அமிலம் விட்டு நிறுத்தினால் போதும்.

பலர் தவறவிடுவது கட்டுப்பாட்டு மாதிரியை. அதே செல்கள், அதே கரைசல், அதே நேரம்; டிரிப்சின் மட்டும் கிடையாது. வடித்த பிறகே அதில் டிரிப்சின் சேர்க்க வேண்டும். அதில் வருவது தானாகக் கசிந்த புரதம். சவரத்துக்கு முன்னும் பின்னும் புரொப்பிடியம் அயோடைடு சாயமிட்டு, செத்த செல்களையும் எண்ணிவிடுங்கள்.

ஈனோலேஸ் வந்தால் என்ன செய்வது? செல்லுக்குள் சர்க்கரையைச் சிதைக்கும் நொதி என்று உடனே பட்டியலிலிருந்து அடித்துவிடக் கூடாது. கேண்டிடாவின் மேற்பரப்பிலும் அது இருக்கிறது, நம் இரத்தத்தின் பிளாஸ்மினோஜெனைப் பிடித்துக்கொள்கிறது. கட்டுப்பாட்டு மாதிரியைவிடத் தெளிவாக அதிகம் இருந்தால் மட்டும், உடைக்காத செல்லில் எதிர்ப்பொருளை ஒட்டிப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

ஜி.பி.ஐ. என்ற சர்க்கரை-கொழுப்பு நங்கூரம் வழியாகச் செல்சுவரோடு பிணைந்த புரதங்கள் சவரத்தில் குறைவாகவே சிக்கும். மேலே மேனோஸ் சர்க்கரை அடர்ந்து மூடியிருக்கும். அவற்றுக்குச் சுவரைத் தனியே பிரித்து, எஸ்.டி.எஸ். என்ற சோப்புப் பொருளின் கரைசலில் கொதிக்கவைத்து, பிறகு ஹைட்ரஜன் ஃபுளோரைடு–பிரிடின் விட வேண்டும். கண்ணாடிக் குழாய் கூடாது, அமிலம் அதை அரித்துவிடும். தோலில் அமிலம் பட்டால் தடவக் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கடைசியாக, மரபணுத் தொடரை நீங்களே புரதத் தொடராக மொழிபெயர்த்துத் தேடுவதானால் 12-ஆம் மரபுக் குறியீட்டு அட்டவணையைப் பயன்படுத்துங்கள். கேண்டிடாவில் சி.யூ.ஜி. என்ற மூன்றெழுத்துக் குறியீடு குறிக்கும் அமினோ அமிலம் பெரும்பாலும் லூசின் அல்ல, செரின். அட்டவணை தவறினால் அந்தக் குறியீடு வரும் ஒவ்வொரு இடத்திலும் நிறை 26 டால்டன் பிசகும். பெப்டைடு கண்முன் இருந்தும் மென்பொருள் இல்லை என்றுதான் சொல்லும்.