சரிவுத் தோட்டத்தில் கல் கட்டு

மார்ச் 2, 2025, ஞாயிறு

பெங்களூரு உத்தரஹள்ளிக்குக் குடிவந்த நாளிலிருந்தே பின்பக்கத் தோட்டம் கவலைதான். 14 அடி தூரத்துக்குள் 5 அடி இறக்கம். போன அக்டோபர் மழையில் அங்கிருந்த ஹாலோ பிளாக் சுவர் கவிழ்ந்து, கீழ்வீட்டு ஆன்ட்டியின் துளசி மாடம் வரை செம்மண் போய்விட்டது. அவர் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது. கான்கிரீட் சுவருக்கு ஒருவர் ஒன்றே முக்கால் லட்சம் கேட்டார். கையில் இருப்பது 40,000. அடுத்த மழைக்குள் முடித்தாக வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

திருவண்ணாமலைப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் வந்து பார்த்தார். விழுந்த சுவரைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி தள்ளியிருக்குக்கா இத. ஒரு ஓட்டை விட்டிருக்காங்களா பாருங்க" என்றார். தேடினேன். ஒன்றுகூட இல்லை. ஈர மண் ஒரு கன அடி 50 கிலோவுக்கு மேல் வரும். அதோடு வெளியேற வழியில்லாமல் பின்னால் தேங்கிய தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்தால் எந்தச் சுவர்தான் நிற்கும்?

சிமெண்ட் இல்லாமல் வெறும் கல் அடுக்கலாம், இடுக்கெல்லாம் தண்ணீருக்கு வழியாகும் என்றார். ஒரே 5 அடிச் சுவராக வேண்டாம், இரண்டரை அடியில் இரண்டு படி. உயரம் பாதியானால் மண் தள்ளும் விசை கால் பங்காகக் குறையும் என்று நான் படித்திருந்தது அவர் அனுபவத்தோடு ஒத்துப்போனது. மேல் சுவரின் பாரம் கீழ்ச் சுவர்மேல் இறங்காமலிருக்க நடுவில் 5 அடி இடைவெளி. அந்த இடம் அத்தைக்கு. கீரைப் பாத்தி போடுவாராம்.

மார்ச் 15, சனி

பக்கத்து லேஅவுட்டில் பழைய வீட்டை இடிக்கிறார்கள். கடைக்காலிலிருந்து பெயர்த்த சைஸ் கல் (ஓரளவு சதுரமாக உடைத்த கல்), டிராக்டர் லோடு 4,500 ரூபாய் என்று மூன்று லோடு வந்து இறங்கியது. புதுக் கல்லென்றால் இந்தப் பணத்துக்குப் பாதிகூட வந்திருக்காது.

மார்ச் 23, ஞாயிறு

வாணம், அதாவது அடித்தளக் குழி, 9 அங்குல ஆழம், ஒன்றரை அடி அகலம். அடியில் ஜல்லி போட்டுத் திம்சு கட்டையால் இடித்தோம். இருப்பதிலேயே பெரிய கற்கள் முதல் வரிசைக்கு, அவையும் பின்பக்கம் மண்ணை நோக்கிக் கொஞ்சம் சாய்ந்தபடி.

மேஸ்திரி ஒவ்வொரு கல்லையும் கையில் உருட்டி, சுத்தியலால் ஒரு தட்டு தட்டுகிறார். கணீரென்றால் சுவருக்கு, டொக்கென்றால் உள்ளே விரிசல், அது உடைத்து நிரப்ப. ஒரு மணி நேரத்தில் எனக்கும் அந்தச் சத்தம் பிடிபட்டுவிட்டது. அடிக்கல்லைக் காதால் தேர்ந்தெடுக்கும் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! லால்பாக்கில் நாம் ஏறி விளையாடும் அந்தப் பாறைக்கு வயது 300 கோடி ஆண்டு. இந்தக் கல்லும் அந்த வம்சமாகத்தான் இருக்கும் என்று மகனிடம் சொன்னேன். அவன் அதன்பின் கல்லை வீசாமல் மெதுவாக வைத்தான்.

இரண்டு கல் சேரும் இடத்தின் மேல் ஒரு கல் உட்கார வேண்டும். ஆடினால் முன்னாலிருந்து சில்லு செருகக் கூடாது, அது உதிர்ந்துவிடும். பின்னாலிருந்துதான். மேலே போகப் போக ஒன்றரை அடி அகலம் ஒரு அடியாகக் குறைகிறது. சுவர் மண்மேல் சாய்ந்துகொண்ட மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

இரண்டு சுவரும் முடிந்தன. சுவருக்குப் பின்னால் ஒரு அடி அகலத்துக்கு 40 மி.மீ. ஜல்லி, அதற்கும் மண்ணுக்கும் நடுவில் மாடித் தோட்டத்துக்கு விற்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி, தண்ணீரை விட்டு மண்ணை நிறுத்தும் வடிதுணி. மண் ஜல்லிக்குள் புகுந்தால் வழி அடைந்துவிடும், அதற்காக. கறிவேப்பிலை மூலையில் துணி ஒரு முழம் போதவில்லை. கடை மூடியிருந்ததால் கோணிப்பையை மடித்து வைத்து மூடிவிட்டோம்.

செலவு: கல் 13,500. ஜல்லி 4,500. துணி 1,900. மேஸ்திரிக்கும் கையாளுக்கும் ஆறு நாள் கூலி 12,000. மொத்தம் 31,900.

மே 19, திங்கள்

ராத்திரி முழுக்கக் கொட்டியது. ஊரில் 100 மி.மீ.க்கு மேல் என்கிறார்கள், எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர். நானும் அத்தையும் தூங்கவே இல்லை.

ஐந்து மணிக்கு டார்ச்சோடு போனேன். இரண்டு சுவரும் அசையவில்லை. கீழ்ச் சுவரின் இடுக்குகளிலிருந்து தண்ணீர் நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. கையில் பிடித்துப் பார்த்தேன், தெளிவாக இருந்தது. கறிவேப்பிலை மூலையில் மட்டும் டீ நிறத்தில் வந்தது. கோணிப்பை வைத்த இடம். மேஸ்திரிக்குப் போன் செய்தேன். "அந்த நாலடிய மட்டும் பின்னாடி தோண்டித் துணி வெச்சிரலாம்க்கா, ஞாயித்துக்கெழம வர்றேன்" என்றார்.

விடிந்ததும் கீழ்வீட்டு ஆன்ட்டி குடையோடு வெளியே வந்து, முதலில் துளசி மாடத்தைப் பார்த்தார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்துக் கையசைத்தார்.