பைன் விதைக்கு உயிர் இருக்கிறதா: மேல்மலைக் குறிப்புகள்

ஜனவரி 6, மன்னவனூர் (கொடைக்கானல் மேல்மலை)
தோட்டத்து ஓரத்துப் புல்வெளியில் பைன் கன்று எழும்புகிறது. விழும் விதையில் எத்தனை முளைக்கும் என்று பார்க்க பட்டுலா பைன் காய்கள் பறித்தாயிற்று. இவற்றின் செதில்களைப் பிசின் ஒட்டியிருக்கும், வெயில் மட்டும் போதாது. கொதிநீரில் அரை நிமிடம் முக்கி, அடுப்படிச் சூட்டில் உலர்த்தினால் விரியும். விதையோடு ஒட்டிய இறகைத் துணிப்பையில் மெதுவாகக் கசக்கி நீக்கணும். அழுத்தினால் விதைத்தோல் கீறும்.

ஜனவரி 7
விதையைத் தண்ணீரில் போட்டதும், நெல்லில் பதர் பிரிப்பதுபோல மிதப்பதை உடனே கொட்டிவிடக் கூடாது. தோல் நனையும்வரை நல்ல விதையும் மிதக்கும். ஒருநாள் ஊறியபின் மிதப்பதையும் சிலவற்றை வெட்டிப் பார்த்தே ஒதுக்கணும். பைனில் தன் மகரந்தமே சேர்ந்தால் கரு பெரும்பாலும் பாதியில் சாகும், ஆனால் தோல் முழு அளவில் வளர்ந்துவிடும். தனித்து நிற்கும் மரத்தில் பொக்கு விதை அதிகம் என்பதால் அந்தக் காய்களைத் தனிப் பையில் வைத்தோம்.

ஜனவரி 8
இன்று சாயச் சோதனை. உயிருள்ள திசுவைச் சிவப்பாக்கும் டெட்ரசோலியம் 1 கிராம், 100 மில்லி கரைசலுக்கு. அமிலத்தன்மை கூடினால் நிறம் சரியாக ஏறாது. அமிலத்தன்மை மாறாமல் காக்கும் பாஸ்பேட் தாங்கல் கரைசலில் பி.எச். 7க்கு வைத்தோம். ஊறிய விதையை, கருவைத் தொடாமல் பக்கவாட்டில் நீளவாக்கில் கீறிப் போடணும். 30 டிகிரி, இருட்டில், 18 மணி நேரம். கொடைக்கானல் ஜனவரிக் குளிரில் அறையில் வைத்தால் காரியம் ஆகாது. தெர்மோகோல் பெட்டிக்குள் பல்பு போட்டோம். வெளிச்சம் பட்டாலே கரைசல் சிவக்கும், அதனால் புட்டிக்கு அலுமினியத் தாள் சுற்றணும். வேகவைத்துச் சாகடித்த விதை சிலவும் கூடவே. அவை சிவந்தால் சோதனையே கோளாறு.

ஜனவரி 9
கருவும் அதைச் சுற்றிய ஊட்டத்திசுவும் இரண்டும் சீராகச் சிவந்தால்தான் உயிர். வேர்நுனி வெளுத்திருந்தால் கணக்கில் சேராது. கருஞ்சிவப்பாகி நொளுநொளுவென்று இருப்பது அடிபட்ட திசு.
இன்றே, முளைப்புச் சோதனைக்கு, வெட்டாத விதைகளை ஈரத்தாளில் நூறு நூறாக நான்கு தட்டில் பரப்பினோம். தினமும் 30 டிகிரியில் 8 மணி நேரம், 20இல் 16 மணி நேரம்.

ஜனவரி 30
21 நாள் முடிந்தது. வேர் எட்டிப்பார்த்தால் மட்டும் முளைப்பு ஆகாது. தண்டும் இலைகளும் ஒழுங்காக வரணும். முளைக்காததை வெட்டினால் சில வெள்ளையாக, கெட்டியாக இருக்கின்றன. அவை உறக்கத்தில் உள்ளவை. சாயச் சோதனை இவற்றையும் உயிரென்று எண்ணும், பூஞ்சை தாக்கப்போவதை மட்டும் காட்டாது. பைன் பரவாமல் புல்வெளியைக் காக்க நினைப்பவர்களுக்கு முளைப்பு எண்ணிக்கை மட்டும் போதாது, உறங்குவதையும் சேர்த்தே எழுதணும்.
மீதி விதையை நன்கு உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தாயிற்று. மரம், இடம், பறித்த தேதி சீட்டில்.